புரளும் கூடும் ஈர்ப்பு மையமும்

பழைய மோட்டார் வண்டியின் அடித்தகட்டைப் பற்றவைப்பதற்காக அதன் கீழே மல்லாந்து படுத்திருக்கும் பட்டறைத் தொழிலாளி, துருவோடு போராடுவதைக் காட்டிலும் அதிகமாகப் புவியீர்ப்போடு போராடுகிறான். தலைக்கு மேலுள்ள தகட்டில் உருகிய இரும்பு ஒட்டி நிற்பதற்கு அதன் பரப்பு இழுவிசை ஒன்றே ஆதாரமாகையால், உருகும் குளம் சிறிது பெருத்தாலும் அது சொட்டாகத் திரண்டு அவன் கழுத்துப் பட்டைக்குள் விழும். குளம் சிறுத்தாலோ தகடுகள் இரண்டும் மேலுக்கு ஒட்டியதுபோல் தோன்றி உள்ளே பிடிப்பற்றுப் போகும். இதே வேலையைத் தகடு கீழே கிடக்க, தொழிலாளி நின்றபடியோ உட்கார்ந்தபடியோ செய்தால், சாதாரணத் தேர்ச்சியுடையவனும் நல்ல தையலைப் போட்டுவிடுவான். ஆகவே வண்டியின் அடியைத் தேடி மனிதன் குனிவதற்குப் பதிலாக, வண்டியின் அடியே மனிதனை நோக்கித் திரும்பி வரும்படி செய்ய இயலுமா என்ற கேள்வி, மோட்டார் வண்டிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் வெகு இயல்பாக எழுந்தது.

எளிய பட்டறைகளில் இதற்குப் பழைய டயர்களை அடுக்கி, பத்துப் பேர் சேர்ந்து, வண்டியின் உடலாகிய தகட்டுக் கூட்டை ஒருக்களித்துச் சாய்த்துவிடுவது உண்டு. இந்த உபாயத்தில் செலவில்லை. ஆனால் சாய்ந்து கிடக்கும் பக்கம் நசுங்கும், மறுபக்கத்தைப் பார்க்க மீண்டும் பத்துப் பேரைத் திரட்ட வேண்டும், நடுவில் எவரேனும் கை தளர்ந்தால் விபரீதம் நேரும். இக்குறைகளுக்கெல்லாம் பரிகாரமாக அமைந்ததே சுழல் தாங்கி என்னும் சாதனம். முன்னால் ஒரு தூண், பின்னால் ஒரு தூண், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு குழாய் உறை, அவ்வுறைக்குள் சுழலும் மற்றொரு குழாய், அக்குழாயின் முனையிலிருந்து நீண்டு வண்டியின் பம்பர் பொருந்தும் இடங்களைப் பற்றிக்கொள்ளும் கைகள்: இவ்வளவே அதன் அங்கங்கள். பார்ப்பதற்குக் கொல்லன் பட்டறையில் ஒரு வாரத்தில் செய்துவிடக்கூடிய இரும்புச் சட்டமாகத் தோன்றும் இதனுள், நிலையியல் என்னும் சாஸ்திரத்தின் முக்கியமான அத்தியாயங்கள் பலவும் அடங்கியிருக்கின்றன.

கூட்டை இவ்வாறு இரு முனைகளில் மட்டும் பற்றித் தூக்கிப் புரட்ட முடிவதற்கே ஒரு சரித்திரக் காரணம் உண்டு. ஆதியில் மோட்டார் வண்டி என்பது ஒரு கனத்த இரும்புச் சட்டமும், அதன்மேல் ஏற்றி வைக்கப்பட்ட ஒரு பெட்டியுமாகவே இருந்தது. பாரம் முழுவதையும் சட்டம் சுமந்தது, பெட்டி வெறும் பயணியாக அதன்மேல் சவாரி செய்தது. 1922-ஆம் ஆண்டில் வெளிவந்த இத்தாலியின் லான்சியா லாம்டாவும், 1934-ஆம் ஆண்டில் பிரான்ஸில் சித்ரோவன் நிறுவனம் வெளியிட்ட முன்சக்கர இழுவை வண்டியும் இம்முறையை மாற்றி, தகட்டுக் கூட்டையே சட்டமாகவும் ஆக்கின. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் இவ்வமைப்பே சாதாரண ஜனங்களின் வண்டிகளுக்கும் பரவியது. தன் பாரத்தைத் தானே சுமக்கும் இத்தகைய கூடு, முனைகளில் பிடித்துத் தூக்கினாலும் நடுவில் தொய்யாது நிற்கும் வலிமை உடையது. ஆனால் அதே கூட்டில் துரு பிடித்தால், அழிவது அழகு மட்டுமல்லாது எலும்பும் என்பதை மறக்கலாகாது.

உதாரணத்துக்கு மோரிஸ் மைனர் என்னும் ஆங்கில வண்டியை எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைக்க, 1948-ஆம் ஆண்டு லண்டன் கண்காட்சியில் வெளியான இவ்வண்டி, பதினாறு லட்சத்துக்கும் மேல் உற்பத்தியாயிற்று. மாதிரி வண்டி முடிந்த பிறகு அதன் அகலம் போதாதென்று கருதிய இசிகோனிஸ், அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பாதிகளை விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலப்படுத்தினார் என்பது பிரசித்தமான வரலாறு. முன்னரே அச்சாகிவிட்ட பம்பர்களின் நடுவில் நான்கு அங்குல ஒட்டு வைக்க நேர்ந்ததற்கும் அதுவே காரணம். கூட்டை அறுத்து ஒட்டுவது அதன் ஜாதகத்திலேயே எழுதியிருந்தது போலும்! இன்று இங்கிலாந்தில் மிகுதியாகப் புதுப்பிக்கப்படும் பழைய வண்டிகளில் இதுவும் ஒன்று. இலங்கையின் சாலைகளிலும் இது நெடுங்காலம் செல்லப் பிள்ளையாக ஓடியது. இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மோரிஸ் மைனர் புதுப்பிப்பு நிலையத்துக்கு வேண்டிய தகடுகளை இலங்கைக் கைவினைஞர்கள் தட்டி உருவாக்கி அனுப்பியதும் உண்டு. இவ்வண்டியில் துரு முதலில் நாடும் இடங்கள் யாவும் அடியில் இருக்கின்றன: கதவுகளின் கீழே இருபுறமும் நீண்டோடும் படிப்பெட்டிகள், முன் இருக்கைகளுக்கு அடியில் குறுக்கே செல்லும் விட்டம், பின்பக்கப் பட்டை வில்களைத் தாங்கும் கொக்கிகள். ஆதலால் மைனரைப் புதுப்பிப்பவன் பெரும்பகுதி நேரத்தை அதன் வயிற்றுப்புறத்திலேயே கழிக்க வேண்டியிருக்கிறது.

இனி, சுழல் தாங்கியின் உயிர்நிலையைப் பார்ப்போம். எந்தப் பொருளுக்கும் அதன் எடை முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதுபோல் பாவிக்கத்தக்க ஓரிடம் உண்டு. அதையே ஈர்ப்பு மையம் என்கிறோம். ஆர்க்கிமிடீஸ் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இதைக் கணிதமாக ஆராய்ந்தார். தூண்கள் இரண்டின் உறைகளையும் இணைக்கும் கற்பனைக் கோட்டை அச்சு என்று சொன்னால், கூட்டின் ஈர்ப்பு மையம் அந்த அச்சுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா, அச்சின் மீதே இருக்கிறதா என்பதைப் பொறுத்தே இச்சாதனத்தின் குணம் முழுவதும் நிர்ணயமாகிறது. மேலே இருந்தால், ஓரளவு சாய்த்த மாத்திரத்தில் கூடு தானே உருண்டு தலைகீழாகப் புரள முயலும். கீழே இருந்தால், எவ்வளவு திருப்பினாலும் பழைய நிலைக்கே மீளத் துடிக்கும். அச்சின் மீதே இருந்தால், திருப்பிய இடத்தில் திருப்பியபடி நிற்கும். பொற்கொல்லரின் தராசில் கோலின் ஈர்ப்பு மையம் கத்திமுனைக்கு ஒரு மயிரிழை கீழே வைக்கப்பட்டிருக்கும். அதனால்தான் கோல் ஆடி ஆடி முடிவில் சமநிலைக்கு வருகிறது. தராசுக்குக் குணமாகிய அந்த மீளும் விருப்பமே நம் தாங்கிக்குத் தோஷம்.

இதைச் சிறிது கணக்காகவே பார்த்துவிடலாம். எஞ்சின், சக்கரங்கள், கண்ணாடிகள், இருக்கைகள் அனைத்தும் கழற்றப்பட்ட கூட்டின் எடை 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதன் ஈர்ப்பு மையம் அச்சிலிருந்து 10 சென்டிமீட்டர் விலகியிருந்தால், கூட்டைப் பக்கவாட்டில் 90 பாகை திருப்பிய நிலையில் அதன் திருப்புத்திறன் 2,500 கிலோ-சென்டிமீட்டர். அச்சிலிருந்து 75 சென்டிமீட்டர் தள்ளியுள்ள படிப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் 33 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட விசையைச் செலுத்தினால்தான் கூடு அசையாது நிற்கும். விலக்கம் 2 சென்டிமீட்டராகக் குறைந்தாலோ ஏழு கிலோவுக்கும் குறைந்த விசை போதும். பாரம் மாறவில்லை, அச்சு மட்டும் எட்டு சென்டிமீட்டர் நகர்ந்தது, இருவர் திணறிய காரியம் ஒருவனுக்கு ஒற்றைக் கை வேலையாகிவிட்டது.

உராய்வையும் இக்கணக்கில் சேர்த்தாக வேண்டும். உள்ளே சுழலும் குழாயின் ஆரம் 4 சென்டிமீட்டர் என்றும், எண்ணெய் அதிகம் காணாத இரும்புக்கும் இரும்புக்கும் இடையிலுள்ள உராய்வுக் குணகம் ஐந்தில் ஒன்று என்றும் கொண்டால், இரண்டையும் பெருக்க வரும் தொகை 0.8 சென்டிமீட்டர். இத்தொகைக்கு ஓர் அழகான அர்த்தம் உண்டு. அச்சைச் சுற்றி 0.8 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு சிறு வட்டம் வரைந்தால், கூட்டின் ஈர்ப்பு மையம் அவ்வட்டத்துக்குள் எங்கே இருந்தாலும் கூடு தானாகச் சுழலாது. உராய்வே அதைப் பிடித்து நிறுத்திவிடும். பொறியியலார் இதை உராய்வு வட்டம் என்பர். பாரம் உறையின் விளிம்புக்கு வெளியே தொங்குவதால் உறையின் முன்வாயிலும் பின்வாயிலும் எதிரெதிரான அழுத்தங்கள் தோன்றி, உண்மையான வட்டம் இதனினும் பெரிதாகவே அமையும். விலையுயர்ந்த பால்பேரிங்குகளைப் பொருத்தித் தாங்கியைச் செம்மைப்படுத்திவிட்டதாக மகிழ்பவர்கள் செய்யும் காரியம் என்னவென்றால், இந்த வட்டத்தை ஒரு புள்ளியாகச் சுருக்கிவிடுவதே. பேரிங்கின் மீது நிற்கும் கூடு, ஒருவன் அதன் ஓரத்தில் சுத்தியலை மறந்து வைத்தாலும் நகரத் தொடங்கும். குழாய்க்குள் குழாய் என்னும் பாமர ஏற்பாடு இங்கே மலிவானது மட்டுமல்ல, மேலானதுமாகும் என்பதே என் தீர்மானமான அபிப்பிராயம்.

ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறதென்று கூட்டைக் கண்ணால் பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது. கூடு இடம் வலம் ஒத்ததாகையால் மையம் நடுத்தளத்தில் இருக்குமென்று கொள்ளலாம்; முன் பின் வாக்கில் அது எங்கிருந்தாலும் கவலையில்லை, முன் தூணுக்கும் பின் தூணுக்கும் பாரம் பங்காவதை மட்டுமே அது பாதிக்கும். உயரம் ஒன்றே அறிய வேண்டுவது. அதை அறிய, முதலில் உத்தேசமாக ஓர் உயரத்தில் கைகளைப் பொருத்திக் கூட்டை மெல்ல 90 பாகை திருப்ப வேண்டும். விலக்கத்தின் விளைவு அந்நிலையில்தான் உச்சத்தில் இருக்கும். கூரைப்பக்கம் தாழ முயல்கிறது என்போம். அதாவது மையம் அச்சுக்குக் கூரைப்புறமாக இருக்கிறது. அச்சிலிருந்து 80 சென்டிமீட்டர் தொலைவிலுள்ள கூரை விளிம்பில் கயிறு கட்டி, கறிகாய்க் கடைகளில் தொங்கும் சாதாரண வில் தராசை மாட்டி, மேலே இழுக்க வேண்டும். விளிம்பு மெல்ல உயரும்போது முள் 12 கிலோவைக் காட்டுகிறது. மெல்லத் தாழவிடும்போது 6 கிலோவைக் காட்டுகிறது. உயரும்போது உராய்வு நமக்கு எதிராகவும், தாழும்போது நமக்குத் துணையாகவும் வேலை செய்வதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். இரண்டின் சராசரியாகிய 9 கிலோவே விலக்கத்தால் விளைந்த உண்மையான விசை. ஒன்பதை எண்பதால் பெருக்கி 250-ஆல் வகுத்தால், ஏறத்தாழ 2.9 சென்டிமீட்டர். கூட்டை நிமிர்த்தி, கைகளிலுள்ள திருகைச் சுழற்றி, அச்சுக்கு அத்தனை அளவு கூட்டைக் கீழே இறக்கினால் காரியம் முடிந்தது. முன் கையை மட்டும் மாற்றிப் பின் கையை விட்டுவிட்டால், நடுவிலுள்ள மையத்துக்கு அம்மாற்றத்தில் பாதியளவே போய்ச் சேரும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஒரு முறை சரிசெய்தது எப்போதைக்கும் போதும் என்று இருந்துவிடலாகாது. அச்சுக்கு 40 சென்டிமீட்டர் கீழேயுள்ள துருவேறிய அடித்தகட்டில் 20 கிலோவை வெட்டி எடுத்தால், எஞ்சிய 230 கிலோ கூட்டின் மையம் மூன்றரை சென்டிமீட்டர் மேலே ஏறிவிடும். காலையில் சாதுவாக நின்ற கூடு மாலையில் புரளத் துடிப்பதன் ரகசியம் இதுவே. தகடு வெட்டிய பிறகும், புதுத் தகடு ஒட்டிய பிறகும், கதவுகளை மாட்டிய பிறகும் மையத்தைப் புதிதாகத் தேட வேண்டியிருப்பதால், உயரத்தை மாற்றும் திருகு இல்லாத தாங்கி அரைத் தாங்கியே.

தூண்களின் உயரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அச்சிலிருந்து கூரை 85 சென்டிமீட்டர் உயரத்திலும், அதன் ஓரம் நடுக்கோட்டிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளியும் இருந்தால், பைதாகரஸின் தேற்றப்படி அந்த ஓரம் 96 சென்டிமீட்டர் ஆரத்தில் சுற்றி வரும். எனவே அச்சு தரையிலிருந்து 110 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பது உசிதம். இரும்பின் வலிமையும் நாம் அஞ்சுமளவுக்குப் பிரச்சினையன்று. தூணுக்கு 30 சென்டிமீட்டர் உள்ளே தொங்கும் 125 கிலோ பாரம், 75 மில்லிமீட்டர் சதுரமும் 5 மில்லிமீட்டர் கனமும் உள்ள குழாயில் உண்டாக்கும் வளைவுத் தகைவு, மென்னிரும்பின் தாங்குதிறனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. தூண் ஒடியாது, ஆனால் கவிழக்கூடும். பாரம் தூணுக்கு உட்புறமாகத் தொங்குவதால் தூண் எப்போதும் கூட்டின் பக்கமாகவே விழப் பார்க்கும். ஆகையால் அடிக்கால் உட்புறமாகப் பாரத்தின் நேர்க்கோட்டையும் தாண்டி நீள வேண்டும். இரு தூண்களையும் தரையோரமாக ஒரு நீண்ட குழாயால் பிணைத்துவிட்டால் இன்னும் நல்லது.

கூட்டின் முறுக்கத்தைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அனுபவசாலிகளும் இவ்விடத்தில்தான் இடறுகிறார்கள். மெல்லிய தகட்டாலான குழாய் ஒன்றை இரு கைகளாலும் முறுக்கிப் பார்த்தால் அது அசைந்து கொடாது. அதே குழாயின் நீளத்துக்கும் ஒரு கீறல் போட்டுவிட்டு முறுக்கினால், காகிதச் சுருளைப்போல் திருகிக்கொள்ளும். 25 மில்லிமீட்டர் ஆரமும் ஒரு மில்லிமீட்டர் கனமும் உள்ள குழாயைக் கீறினால், அதன் முறுக்கு விறைப்பு சுமார் 1,900-இல் ஒரு பங்காக வீழ்ந்துவிடுகிறது. எடையில் குறைவில்லை, உலோகத்தில் மாற்றமில்லை. மூடிய வட்டம் திறந்துவிட்டது, அவ்வளவே. மூடிய மெல்லிய குழாய்களின் இக்கணிதத்தை 1896-ஆம் ஆண்டில் வெளியிட்ட ருடால்ப் பிரெட் என்னும் ஜெர்மானியர், பாரந்தூக்கிகளைக் கட்டிய பொறியாளர் என்பது குறிப்பிடத்தக்கது. மோரிஸ் மைனரின் படிப்பெட்டியும் இத்தகைய மூடிய குழாயே. துரு அதன் அடிவிளிம்பை நீளமாக அரித்துவிட்டால், கண்ணுக்குப் பெட்டி போலவே தோன்றினாலும், அது கீறிய குழாயின் கதியை அடைந்துவிடுகிறது. அந்நிலையில் கூட்டைத் தாங்கியில் ஏற்றி, வெட்டி, புதுத் தகட்டைப் பற்றவைத்தால், கூடு எந்தக் கோணலில் இருந்ததோ அந்தக் கோணல் சாசுவதமாகிவிடும். பிறகு எந்தக் கதவும் தன் வாசலில் பொருந்தாது. ஆகவே கூட்டைத் தூக்குவதற்கு முன்னரே கதவு வாசல்களின் குறுக்கே கோணங்கோணமாக இரும்புக் கம்பிகளைப் பற்றவைத்து, வாசல்களை முக்கோணங்களாகப் பிரித்துவிட வேண்டும். கூரையில்லாத வண்டியானால் இம்முன்னேற்பாடு இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

முறுக்கம் தாங்கியின் வழியாகவும் வந்து சேரும். இரு உறைகளும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் கூடு ஒரு முறை இப்படியும் ஒரு முறை அப்படியுமாக வளைக்கப்படுகிறது. பட்டறைத் தரை எங்கும் சமமாக இருப்பதில்லையாதலால், ஒரு முனையின் போல்ட்டுகளைத் தளர்வாகவே விட்டு, கூட்டை ஒரு சுற்றுச் சுற்றி, அது தன் கோட்டைத் தானே கண்டுகொண்ட பிறகு போல்ட்டுகளை இறுக்குவது புத்திசாலித்தனம். பூட்டும் விஷயத்திலும் இதே எச்சரிக்கை தேவை. வட்டத்தகட்டில் துளைகளிட்டு அதில் செருகும் பூட்டு முளையை இரு முனைகளிலும் வைத்தால், துளைகள் ஒரு பாகை முன்பின்னாக இருந்தாலும், கடப்பாரையால் நெம்பி முளையைச் செருகும் தொழிலாளி தன்னையறியாமல் கூட்டை முறுக்கிவிடுகிறான். ஒரு முனையில் முளை, மறுமுனையில் உறையை இறுக்கிப் பிடிக்கும் போல்ட் என்று வைப்பதே சரியான ஏற்பாடு. முளை மெலிந்ததாயினும் அச்சிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் போதும். முன்சொன்ன 2,500 கிலோ-சென்டிமீட்டர் திருப்புத்திறனும் அதன்மேல் 170 கிலோவுக்கும் குறைந்த விசையாகவே விழும், அதை 12 மில்லிமீட்டர் இரும்புக் கம்பி அநாயாசமாகத் தாங்கும்.

கூட்டைப் புரட்டுவதன் பயன் பற்றவைப்போடு முடிந்துவிடுவதில்லை. மணல் வீசித் துருவை அகற்றிய பிறகு பெட்டிகளுக்குள் தங்கிய மணல், கூட்டைத் திருப்பத் திருப்பத் துளைகள் வழியாகக் கொட்டுகிறது. துரு தடுக்கும் மெழுகை உள்ளே செலுத்தினால், புவியீர்ப்பே அதைச் சந்துபொந்துகளுக்கெல்லாம் கொண்டு சேர்க்கிறது. தொழிற்சாலைகள் இதை வெகு முன்னரே அறிந்திருந்தன. 1950-களில் இங்கிலாந்தின் கௌலியிலிருந்த மோரிஸ் தொழிற்சாலையில், ரோட்டோடிப் என்ற முறைப்படி, கூட்டின் ஊடே நீளவாக்கில் ஒரு தண்டைச் செருகி, அத்தண்டோடு அதைச் சுழற்றியபடியே பிரைமர்த் தொட்டிகளில் முக்கி எடுத்தார்கள். ஜெர்மனியின் டூர் நிறுவனம் பிற்காலத்தில் அமைத்த சாதனத்திலோ கூடு முன்னோக்கிக் குட்டிக்கரணமடித்துத் தொட்டியில் இறங்குகிறது. கூரைக்கு அடியில் சிக்கும் காற்றுக்குமிழ்கள் அப்போது வெளியேறிவிடுகின்றன.

தாமே ஒரு தாங்கி செய்துகொள்ள எண்ணும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பேரிங்குக்கென்று ஒதுக்கிய பணத்தை உயரம் மாற்றும் திருகுக்கும் நல்ல பூட்டு முளைக்கும் செலவிடுங்கள். பெட்ரோல் டாங்கியையும் பாட்டரியையும் கழற்றாமல் கூட்டை ஏற்றாதீர்கள். வெட்டும் கருவியை எடுப்பதற்கு முன் முளை துளைக்குள் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.